நார்மண்டி தரையிறக்கம், 1944: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1944 ஜூன் 6 அன்று நேச நாட்டுப் படைகள் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து, நான்கு ஆண்டுகளாக ஜெர்மனியின் பிடியில் இருந்த பிரான்ஸில் நார்மண்டி கரையில் இறங்கின. இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கரையில் குண்டடிபட்டு விழும் வீரர்களோடு கதையை நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் கரையில் கால் வைப்பது பாதி வேலைகூட இல்லை. இறங்கிய இடத்துக்கு எதிரி ரயிலிலும் சாலையிலும் படையைக் கொண்டுவருவான். அவனை முந்திக்கொண்டு கடல் வழியாக ஆளையும் பொருளையும் குவிக்க முடியுமா? எல்லாமே அதில்தான் இருந்தது. என் பதில்களும் திரும்பத் திரும்ப அங்கேதான் வந்து நிற்கும்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், அன்று என்ன நடந்தது?

நள்ளிரவு தாண்டியதும் பாராசூட்டிலும் கிளைடரிலும் ஏறத்தாழ 23,000 பேர் கரைக்குப் பின்னால் இறங்கி, பாலங்களையும் சாலைச் சந்திப்புகளையும் பிடிக்கப் போனார்கள். விடிந்ததும் ஐந்து கரைகளில் தரையிறக்கம். மேற்கிலிருந்து கிழக்காக யூட்டா, ஒமாஹா இரண்டும் அமெரிக்கர்களுக்கு, கோல்டு பிரிட்டிஷாருக்கு, ஜூனோ கனடியர்களுக்கு, சோர்டு மறுபடி பிரிட்டிஷாருக்கு. பெரிதும் சிறிதுமாக ஏறத்தாழ 7,000 கப்பல்களும் படகுகளும். அன்று இரவுக்குள் வானிலிருந்து வந்தவர்களையும் சேர்த்து சுமார் 1,56,000 பேர் பிரான்ஸ் மண்ணில் இருந்தார்கள்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். முதல் நாளுக்கென்று குறித்திருந்த பல இலக்குகள் கைக்கு வரவில்லை. கான் நகரம் பிடிபடவில்லை. ஐந்து கரைகளில் கோல்டும் ஜூனோவும் மட்டும்தான் ஒன்றோடொன்று கைகோத்தன, மற்றவை தனித்தனித் திட்டுகளாகவே இருந்தன.

கால்வாயின் குறுகலான இடம் கலே பக்கம்தானே? அதை விட்டுவிட்டு ஏன் நார்மண்டி?

இங்கிலாந்தின் டோவரிலிருந்து கலே 33 கிலோமீட்டர்தான். நார்மண்டிக்குப் போக 150 கிலோமீட்டருக்கு மேல் கடலில் போயாக வேண்டும். ஆனால் கலே பக்கம் வருவார்கள் என்று ஜெர்மானியரும்தானே நினைப்பார்கள்? பலமான காவலும் அங்கேதான் இருந்தது.

இன்னொரு காரணம் தியெப். 1942 ஆகஸ்ட் 19 அன்று பிரான்ஸின் இந்தச் சிறு துறைமுகத்தை நேரடியாகத் தாக்கிப் பார்த்தார்கள். போன சுமார் 6,000 பேரில் ஏறத்தாழ 5,000 பேர் கனடியர்கள், அதில் 900-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், 1,900-க்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டார்கள். காவல் பலமாக உள்ள துறைமுகத்தை முதல் நாளே பிடிப்பது நடக்காத காரியம் என்பது அங்கே தெரிந்துபோனது. சரி, துறைமுகத்தை விட்டுவிட்டுத் திறந்த மணல்கரையில் இறங்கலாம். ஆனால் துறைமுகம் இல்லாமல் ஒரு பெரிய படைக்கு எப்படிச் சோறு போடுவது, எப்படிக் குண்டும் பெட்ரோலும் கொடுப்பது? அதற்குக் கிடைத்த விடை விசித்திரமானது, கீழே வருகிறேன்.

மணலில் டாங்கி புதைந்துவிடாது என்று எப்படித் தெரியும்?

ஆள் அனுப்பித்தான் தெரிந்துகொண்டார்கள். 1943 டிசம்பர் 31 இரவு ஸ்காட்-பவ்டன், ஆக்டன்-ஸ்மித் என்ற இரண்டு பிரிட்டிஷ் வீரர்கள், பின்னாளில் கோல்டு என்று பெயர் பெறப்போகும் கரைக்கு நீந்திப் போனார்கள். ஜெர்மன் காவல்காரர்கள் புத்தாண்டு கொண்டாட்டத்தில் இருப்பார்கள் என்பது கணக்கு. கையில் துளையிடும் கருவி. மணலில் அங்கங்கே குத்தி, உள்ளே இருக்கும் மண்ணைக் குழாய்களில் அடைத்து எடுத்துக்கொண்டு, குளிர்ந்த கடலில் மறுபடி நீந்திப் படகுக்குத் திரும்பினார்கள். மேலே மணல், கீழே களிமண் என்று இருக்கும் இடங்களில் வண்டி மாட்டிக்கொள்ளும் என்பதுதான் பயம். அப்படிப்பட்ட இடங்களுக்காகவே, முன்னால் பெரிய உருளையில் கித்தான் பாயைச் சுற்றிவைத்து, போகப் போக விரித்துப் பாதை போடும் டாங்கிகளைச் செய்தார்கள். இந்த மாதிரி வேலைகள் போர்க்கதைகளில் அதிகம் வருவதில்லை. எனக்கு என்னவோ அன்றைய வெற்றியில் இவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு என்றுதான் தோன்றுகிறது.

ஏன் குறிப்பாக ஜூன் 6?

கடல், நிலா, வானிலை மூன்றும் ஒத்துவர வேண்டியிருந்தது, அது லேசில் நடக்காது.

முதலில் கடல். நார்மண்டியில் கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே உயர வேறுபாடு ஆறு மீட்டர் அளவுக்குப் போகும். ஏற்றத்தின்போது இறங்கினால் வீரர்கள் ஓட வேண்டிய வெட்டவெளி குறைவு, அதனால் அப்போதுதான் வருவார்கள் என்று கரைக் காவலுக்குப் பொறுப்பாக இருந்த ஜெர்மன் தளபதி ரோமல் நினைத்து, தண்ணீருக்கடியில் மறையும் உயரத்தில் கண்ணிவெடி கட்டிய மரத்தூண்களையும் இரும்புத் தடைகளையும் கரை நெடுக நட்டு வைத்திருந்தார். படகு அதில் மோதினால் முடிந்தது. அதனால் நேச நாடுகள் தலைகீழாக யோசித்தன: தண்ணீர் வற்றித் தடைகள் வெளியே தெரியும்போது இறங்குவது, ஏற்றம் வருவதற்குள் பொறியாளர்கள் வெடிவைத்து வழி திறப்பது, பின்னால் வரும் படகுகள் அந்த வழியே உள்ளே வருவது. இதற்குக் கொடுத்த விலை, முதலில் இறங்குகிறவன் துப்பாக்கிகளுக்கு முன்னால் நூற்றுக்கணக்கான மீட்டர் மணலில் ஓட வேண்டும். படிக்கும்போதே வயிற்றைப் பிசையும் முடிவு இது, ஆனாலும் சரியான முடிவு என்பேன்.

இந்த நீர்மட்டக் கணக்கைப் போட்டவர் லிவர்பூல் பக்கம் இருந்த ஆர்தர் டூட்சன். பல்சக்கரங்களும் கப்பிகளும் கொண்ட பெரிய இயந்திரத்தைச் சுழற்றி நிலாவும் சூரியனும் கடலை இழுக்கும் இழுப்பையெல்லாம் கூட்டிக் கணக்கிடுவார். எந்தக் கரைக்கு என்று அவரிடமே சொல்லவில்லை, ‘இசட் நிலை’ என்று மட்டும் குறித்து எண்களைக் கொடுத்தார்கள். ஏற்றம் எல்லாக் கரைக்கும் ஒரே நேரத்தில் வருவதில்லை என்பதால்தான் அமெரிக்கக் கரைகளில் காலை 6.30, பிரிட்டிஷ் கரைகளில் 7.25, ஜூனோவில் அதற்கும் சற்றுப் பின்னால் என்று நேரம் வைத்தார்கள்.

இறங்குவதற்கு முன் குண்டுவீச்சுக்குக் கொஞ்சம் வெளிச்சமும் வேண்டும், பாராசூட் வீரர்களுக்கு இரவில் நிலவொளியும் வேண்டும். எல்லாம் சேர்ந்து வரும் நாட்கள் ஜூன் 5, 6, 7 மட்டும்.

அப்புறம் வானிலை. ஜூன் 5 என்றுதான் முடிவாகியிருந்தது. வானிலை அதிகாரி ஜேம்ஸ் ஸ்டேக் புயல் வருகிறது என்றார், தலைமைத் தளபதி ஐசன்ஹோவர் ஒரு நாள் தள்ளிவைத்தார், கடலில் கிளம்பிவிட்ட கப்பல்களைத் திருப்பி அழைத்தார்கள். அயர்லாந்தின் மேற்குக் கோடியில் பிளாக்சாட் என்ற இடத்திலிருந்து வந்த அளவீடுகளும் சேர்ந்து, 6-ஆம் தேதி சிறிது நேரம் காற்று தணியும் என்று காட்டின. ‘போகலாம்’ என்றார் ஐசன்ஹோவர். அன்று வேண்டாம் என்றிருந்தால் நீர்மட்டம் அடுத்து ஒத்துவருவது ஜூன் 19 வாக்கில். அந்த 19-ஆம் தேதிதான் கால்வாயில் பெரும்புயல் அடித்தது.

இவ்வளவு பெரிய படை கிளம்புவது ஜெர்மானியருக்கு எப்படித் தெரியாமல் போனது?

வரப்போகிறார்கள் என்று தெரியும். எங்கே, எப்போது என்பதுதான் தெரியாது. அதிலும் ‘எங்கே’ என்பதை நேச நாடுகள் திட்டமிட்டுக் குழப்பின. இங்கிலாந்தின் தென்கிழக்கில், கலேக்கு எதிரே, அமெரிக்க ஜெனரல் பேட்டன் தலைமையில் பெரிய படை நிற்பதாகப் பொய்யான வானொலிச் செய்திகளையும் போலிப் படகுகளையும் வைத்து ஒரு தோற்றத்தை உண்டாக்கினார்கள். ஜெர்மனி நம்பிய உளவாளி ஹுவான் புஜோல் என்ற ஸ்பானியர், உண்மையில் பிரிட்டனுக்கு வேலை செய்தவர். இல்லாத 27 துணை உளவாளிகளை இருப்பதாகக் காட்டி, அவர்கள் பெயரில் தகவல் அனுப்பிக்கொண்டிருந்தார்.

இதில் பலர் கவனிக்காதது, ஏமாற்று வேலை ஜூன் 6-ஆம் தேதியோடு முடியவில்லை என்பது. ஜூன் 9 அன்று புஜோல் அனுப்பிய செய்தி, ‘நார்மண்டி வெறும் திசைதிருப்பல், உண்மையான தாக்குதல் கலே பக்கம்தான் வரப்போகிறது’ என்றது. ஜெர்மனியின் பதினைந்தாவது படை வாரக்கணக்கில் கலே பக்கமே பெரும்பாலும் காத்துக் கிடந்தது. கரையில் கூட்டம் சேர்க்கும் போட்டியில் இதைவிடப் பெரிய உதவி வேறென்ன வேண்டும்? புஜோலுக்கு ஜெர்மனி இரும்புச் சிலுவை கொடுத்தது, பிரிட்டனும் ஒரு விருது கொடுத்தது.

ஜூன் 6 அன்று ரோமல் மனைவியின் பிறந்தநாளுக்காக ஜெர்மனியில் வீட்டில் இருந்தார். சேமப்படையாக இருந்த டாங்கிப் பிரிவுகளை நகர்த்த ஹிட்லரின் அனுமதி வேண்டும், அது வர மாலையாகிவிட்டது.

ஒமாஹாவில் மட்டும் ஏன் அவ்வளவு சாவு?

பல கோளாறுகள் ஒன்றாகச் சேர்ந்தன. கரைக்கு மேலே செங்குத்தான மேடு, அங்கிருந்து சுட்டால் மணல் முழுவதும் குறிக்குள் வரும். மேகமூட்டத்தில் தங்கள் படகுகள் மேலேயே போட்டுவிடக் கூடாது என்று குண்டுவீச்சு விமானங்கள் சற்றுத் தாமதித்துப் போட்டதால், குண்டுகள் கரையைத் தாண்டி உள்ளே வயல்வெளிகளில் விழுந்தன. அங்கே ஜெர்மனியின் 352-ஆம் காலாட்படைப் பிரிவு இருக்கிறது என்பது தாக்கப் போனவர்களுக்குச் சரியாகத் தெரியாது.

மிதக்கும் டாங்கிகளின் கதை இன்னும் கொடுமை. டாங்கியைச் சுற்றிக் கித்தான் திரை கட்டி, அதை உயர்த்தினால் மிதக்கும், பின்னால் சுழலி. அமைதியான கடலில் நன்றாகப் போகும். அன்று அலை பெரிதாக இருந்தும் 741-ஆவது டாங்கிப் படை கரையிலிருந்து வெகுதூரத்திலேயே 29 டாங்கிகளை நீரில் இறக்கியது. 27 மூழ்கின. அதனால் காலாட்படை வீரன் ஒதுங்கிக்கொள்ள ஒரு டாங்கிகூட இல்லாமல் முதல் அலை இறங்கிய இடங்கள் உண்டு. கடல்நோயில் வாந்தியெடுத்துக்கொண்டே வந்து, நனைந்து கனத்த மூட்டையோடு கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கியவர்கள் அவர்கள்.

நிலைமையை மாற்றியவர்கள் இரண்டு வகையினர். சிறு சிறு கும்பலாகச் சேர்ந்து, பாதைகளை விட்டுவிட்டு மேட்டிலேயே ஏறிப்போன வீரர்கள் ஒரு பக்கம். தரைதட்டும் அபாயம் இருந்தும் கரைக்கு மிக அருகில் வந்து பீரங்கியால் பதுங்கு அரண்களைச் சுட்ட நாசகாரிக் கப்பல்கள் இன்னொரு பக்கம். கப்பல்காரர்களுக்கு உரிய பெயர் கிடைக்கவில்லை என்பது என் ஆதங்கம்.

ஒமாஹாவில் இறந்தும் காயமுற்றும் காணாமலும் போனவர்கள் 2,000-க்கு மேல். யூட்டாவில் நீரோட்டம் படகுகளைக் குறித்த இடத்துக்குத் தெற்கே ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தள்ளிவிட்டது, அங்கே காவல் குறைவு, இழப்பு சுமார் 200 பேர். ஒரே நாள், ஒரே படை, பக்கத்துப் பக்கத்துக் கரைகள்.

அன்று மொத்தம் எத்தனை பேர் இறந்தார்கள்?

பெயர் பெயராகச் சரிபார்த்ததில் நேச நாட்டுத் தரப்பில் அன்று இறந்தவர்கள் 4,400-க்கும் மேல். அடுத்து ஆகஸ்ட் இறுதிவரை நீண்ட நார்மண்டி போர் முழுக்க நேச நாட்டுத் தரைப்படைகளின் இழப்பு 2 லட்சத்தைத் தாண்டியது, அதில் இறந்தவர்கள் ஏறத்தாழ 37,000. முதல் நாளை மட்டும் நினைவுகூர்ந்துவிட்டு ஜூலை மாதம் செத்தவர்களை மறப்பது நியாயமே இல்லை.

துறைமுகம் இல்லாமல் எப்படிச் சமாளித்தார்கள்?

துறைமுகத்தைக் கையோடு கொண்டுபோனார்கள். ‘மல்பெரி’ என்று பெயர் வைத்த இரண்டு செயற்கைத் துறைமுகங்கள், ஒன்று ஒமாஹாவில், இன்னொன்று கோல்டு கரையில் உள்ள அரோமான்ஷில். பழைய கப்பல்களை வரிசையாக மூழ்கடித்து அலைத்தடுப்பு. அதோடு ராட்சதக் கான்கிரீட் பெட்டிகளை, பெரியவை 6,000 டன் எடை வரும், இங்கிலாந்திலிருந்து கப்பலில் கட்டி இழுத்துவந்து இறக்கி வைத்தார்கள். உள்ளே மிதக்கும் பாலங்கள், தண்ணீர் ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும்.

ஜூன் 19 முதல் 22 வரை அடித்த புயலில் ஒமாஹா துறைமுகம் சுக்குநூறானது. ஆனால் அமெரிக்கர்கள் அதற்குப் பின் அதே கரையில் எதிர்பார்த்ததைவிட அதிகச் சரக்கை இறக்கினார்கள். எப்படி என்றால், தட்டையான அடிப்பகுதி கொண்ட பெரிய தரையிறங்கு கப்பல்களைக் கரையோடு மணலில் உட்காரவிட்டு, தண்ணீர் வற்றியதும் வாயைத் திறந்து லாரிகளை நேரே ஓட்டிவந்து, அடுத்த ஏற்றத்தில் கப்பலை மிதக்கவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அதனால் மல்பெரி பொறியியல் அதிசயம்தான் என்றாலும், போரைத் தாங்கியது அந்த அழகில்லாத கப்பல்கள்தான் என்பது என் கணிப்பு. ஜூன் மாதம் முடிவதற்குள் 8.5 லட்சம் பேர் இறங்கிவிட்டார்கள். ஷெர்பூர் துறைமுகம் ஜூன் இறுதியில் பிடிபட்டபோது ஜெர்மானியர் அதைத் தகர்த்து வைத்திருந்தார்கள், பயன்படுத்தவே பல வாரங்கள் பிடித்தன.

பிரெஞ்சுக்காரர்கள் என்ன செய்தார்கள்?

கீஃபர் தலைமையில் 177 பிரெஞ்சு கமாண்டோக்கள் சோர்டு கரையில் இறங்கினார்கள். எண்ணிக்கை சிறிது. உள்ளே இருந்த தலைமறைவு எதிர்ப்பியக்கம்தான் பெரிது: தண்டவாளங்களை வெடிவைத்துப் பெயர்த்தார்கள், தொலைபேசிக் கம்பிகளை அறுத்தார்கள், சாலைகளில் மறித்துச் சுட்டார்கள். தெற்கே இருந்து நார்மண்டிக்குக் கிளம்பிய ‘தாஸ் ரைஷ்’ என்ற எஸ்.எஸ். (நாஜிக் கட்சியின் ஆயுதப்படை) டாங்கிப் பிரிவு இதனாலும் விமானத் தாக்குதலாலும் மிகவும் தாமதித்தது. அதற்கு அந்தப் பிரிவு பழிதீர்த்துக்கொண்டது ஊர் மக்கள் மேல். ஜூன் 9 அன்று தூல் நகரில் 99 பேரைத் தூக்கிலிட்டார்கள். மறுநாள் ஒராதூர் சூர் கிளான் கிராமத்தில் ஆண்களைக் கொட்டகைகளில் சுட்டும், பெண்களையும் குழந்தைகளையும் தேவாலயத்தில் அடைத்துத் தீவைத்தும் 640-க்கு மேற்பட்டோரைக் கொன்றார்கள்.

விடுவிக்க வந்தவர்கள் போட்ட குண்டிலேயே பொதுமக்கள் இறந்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. நார்மண்டியில் இறந்த பொதுமக்கள் ஏறத்தாழ 20,000 பேர், பெரும்பாலும் நேச நாட்டுக் குண்டுவீச்சில். முதல் இரண்டு நாட்களிலேயே சுமார் 3,000 பேர். விடுதலையின் கதையைச் சொல்கிற யாரும் இதை விட்டுவிட்டுச் சொல்லக் கூடாது.

ஏன் குண்டு போட்டார்கள்? மறுபடி அதே போட்டிதான். ஜெர்மன் படைகள் கரைக்கு வர ரயிலும் சாலையும் வேண்டும். அதனால் மாதக்கணக்கில் ரயில் நிலையங்களையும் செய்ன் நதிப் பாலங்களையும் நொறுக்கினார்கள். நட்பு நாட்டு மக்கள் இவ்வளவு பேர் சாவதைப் பார்த்துச் சர்ச்சில் தயங்கினார், ரூஸ்வெல்ட் தளபதிகளின் கையைக் கட்ட மறுத்துவிட்டார். தரையிறங்கிய இரவில் செயின்ட் லோ, லிசியூ, கான் என்று சாலைகள் கூடும் ஊர்களை, இடிபாடுகளால் வழி அடையட்டும் என்றே தாக்கினார்கள். வெளியேறச் சொல்லி முன்கூட்டிப் போட்ட துண்டறிக்கைகளைக் காற்று வேறெங்கோ கொண்டுபோன இடங்கள் உண்டு.

கான் நகரத்தில் ஆயிரக்கணக்கானோர் ஆண்கள் மடாலயம் என்ற பழைய தேவாலயத்திலும் அதையொட்டிய கட்டடங்களிலும் வாரக்கணக்கில் தஞ்சம் இருந்தார்கள், வைக்கோலைப் பரப்பி அதன்மேல் படுத்துக்கொண்டு. அங்கே மருத்துவமனை இருப்பது விமானிகளுக்குத் தெரிய வேண்டுமே என்று, அறுவைசிகிச்சை அறையிலிருந்து வந்த இரத்தத்தில் படுக்கைத் துணிகளை நனைத்துச் சிலுவையாக விரித்துவைத்தார்கள். அந்தப் பகுதி தப்பித்தது.

ரயில் பாதைகளைத் தகர்த்தது போரைச் சுருக்கியது என்பதை ஏற்கிறேன். ஆனால் ஜூலை 7 அன்று கான் நகரின் வடபகுதியில் 450-க்கும் மேற்பட்ட கனரக விமானங்கள் போட்ட குண்டுகளுக்கு எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை. அங்கே ஜெர்மன் வீரர்கள் குறைவு, செத்தது நகரத்து மக்கள், அதோடு குவிந்த இடிபாடு தாக்கப் போன டாங்கிகளுக்கே வழியை மறித்தது.

விடுதலையான ஊர்களை யார் ஆண்டார்கள்?

அமெரிக்காவும் பிரிட்டனும் தங்கள் ராணுவ நிர்வாகத்தை வைக்கலாமா என்று யோசித்தன, பிரான்ஸுக்கென்று அமெரிக்காவில் பணநோட்டே அச்சடித்துக் கொண்டுவந்தார்கள். ஜெர்மனியிடம் பணியாத சுதந்திர பிரெஞ்சுக்காரர்களின் தலைவர் தெ கோல் அதைக் கள்ளப்பணம் என்றார். ஜூன் 14 அன்று, அதிகம் சேதமில்லாமல் விடுபட்ட பாயூ நகருக்கு வந்து, தெருவில் மக்கள் கூட்டத்தில் பேசி, தன் ஆளையே நிர்வாகியாக வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அந்நிய நிர்வாகம் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போனது. ஆனால் அவருடைய தற்காலிக அரசை முறைப்படி அங்கீகரிக்க அக்டோபர் ஆனது. அடுத்தவன் வீட்டை மீட்டுக் கொடுத்தவன் சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ளக் கூடாது, இதில் தெ கோல் பக்கம்தான் நியாயம்.

கரையில் இறங்கியபின் பாரிஸ் போக ஏன் 11 வாரம்?

முதல் நாளே பிடிக்க நினைத்த கான் முழுமையாகக் கைக்கு வர ஜூலை 19 ஆனது. மேற்கே அமெரிக்கர்களுக்கு வேறு தொல்லை: வயலுக்கு வயல் ஆள் உயர மண்வரப்பு, அதன்மேல் அடர்ந்த வேலி, ஒவ்வொன்றும் ஒரு கோட்டை மாதிரி. டாங்கி ஏறினால் மென்மையான அடிவயிறு எதிரிக்குத் தெரியும். கடைசியில், ரோமல் கரையில் நட்டுவைத்த இரும்புத் தடைகளையே அறுத்து டாங்கியின் மூக்கில் பற்களாகப் பற்றவைத்து வேலியைக் குடைந்தார்கள். ஜூலை 25 அன்று செயின்ட் லோ அருகே முன்னணியை உடைத்தபின் எல்லாம் வேகம். ஆகஸ்ட் 15 அன்று தெற்கு பிரான்ஸிலும் இன்னொரு தரையிறக்கம். ஃபலேஸ் பகுதியில் ஜெர்மன் படை சுற்றிவளைக்கப்பட்டு ஆகஸ்ட் 21-இல் வளையம் மூடியது, 25-ஆம் தேதி பாரிஸ் விடுதலை.

ஜெர்மனியைத் தோற்கடித்தது கிழக்கு முனைதானே, இதற்கு ஏன் இவ்வளவு பெருமை?

ஜெர்மன் ராணுவத்தின் பெரும்பகுதியை அரைத்தது சோவியத் படைகள்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஜூன் 22 அன்று பெலாரஸில் அவர்கள் தொடங்கிய தாக்குதல் நார்மண்டியைவிடப் பெரியது. ஆனால் இரண்டும் ஒரே மாதத்தில் நடந்ததால்தான் ஜெர்மனியால் எந்தப் பக்கமும் போதுமான படையை நகர்த்த முடியவில்லை. ஒன்றின் பெருமையைச் சொல்ல இன்னொன்றை இறக்க வேண்டியதில்லை.

தோற்றிருந்தால்?

ஐசன்ஹோவர் அதற்கும் தயாராக இருந்தார். முந்தைய நாள் ஒரு சின்னத் தாளில் பென்சிலால் எழுதி வைத்துக்கொண்டார்: தரையிறக்கம் தோற்றது, படைகளைத் திரும்பப் பெற்றுவிட்டேன், தவறு ஏதும் இருந்தால் அது என்னுடையது மட்டுமே. பதற்றத்தில் ஜூன் 5 என்பதற்குப் பதில் ஜூலை 5 என்று தேதி போட்டிருக்கிறார். முழுப்பொறுப்பையும் முன்கூட்டியே தன் தலையில் ஏற்றுக்கொண்டதற்காக அவரை மதிக்கிறேன்.

அங்கே போனால் எதைப் பார்க்க வேண்டும்?

அரோமான்ஷில் கான்கிரீட் பெட்டிகள் சில இன்னும் கடலில் நிற்கின்றன, வற்றத்தின்போது பக்கத்தில் நடந்தே போகலாம். ஒமாஹாவுக்கும் வற்ற நேரம் பார்த்துப் போங்கள், அவர்கள் ஓட வேண்டியிருந்த தூரம் அப்போதுதான் விளங்கும். அதன் மேட்டில் கொல்வில் அமெரிக்கக் கல்லறைத் தோட்டம், 9,300-க்கும் மேற்பட்ட கல்லறைகள். எல்லோரும் அதோடு திரும்பிவிடுகிறார்கள். லா காம்பில் 21,000-க்கும் மேற்பட்ட ஜெர்மானியர் புதைக்கப்பட்ட இடம் இருக்கிறது, கான் நகரில் அந்த மடாலயமும் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள்.